கூட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருபவர்

இந்த இனத்தாரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். விதை போட்ட மறுநாளே மண்ணைக் கிளறி முளை விட்டதா என்று பார்ப்பவர், அடுப்பில் கேக் வேகும்போது நாலு தடவை கதவைத் திறந்து அதை அமுங்கவைத்துவிட்டு 'மாவு சரியில்லை' என்று அங்கலாய்ப்பவர், காய்ச்சலில் கண்ணயர்ந்தவரைத் தட்டியெழுப்பி 'நல்லாத் தூங்குறீங்களா?' என்று அக்கறையாக விசாரிப்பவர். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் தொல்லையே. கெட்ட எண்ணம் இருந்தால் துரத்திவிடலாம். இவருக்குக் காப்பி கொடுத்து உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பக்கத்தில் இந்த இனம் மே மாதத்தில் தழைக்கும். காட்டு வான்கோழிப் பெட்டைகள் அடையில் உட்காரும் மாதம் அது. அங்கே இந்த இனத்தின் தலைமகன் டெல்மர் ஹக்கபி. வயது அறுபத்து மூன்று. இருபத்தேழு மாடுகள், இரண்டு புல்வயல்கள், ஒரு பழைய டிராக்டர், இத்தனையையும் சமாளிக்கும் வெர்னா என்ற மனைவி. அந்தப் பக்கத்தில் வான்கோழிகள் வருஷாவருஷம் குறைந்துகொண்டு வந்தன. அதற்கு முந்தின கோடை முழுவதும் அவர் கண்ணில் பட்டது ஒரே ஒரு குஞ்சு. அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு விடியற்காலை வேட்டைக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு சேவலின் குரல்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து காலை உணவான பிஸ்கட் ரொட்டியையும் குழம்பையும் தொடாமல் எழுந்துபோனார். அந்த மனிதருக்கு அது உண்மையான துக்கம். அதை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

ஆகவே மேல்வயலின் உயர்ந்த புல்லுக்குள் பதினொரு முட்டைகளின் மேல் ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருப்பதை அவர் கண்டுபிடித்தபோது, உலகத்து வான்கோழிகளின் எதிர்காலமே தம் கையில் ஒப்படைக்கப்பட்டதாக நினைத்ததில் தப்பில்லை. குஞ்சு பொரிக்க இருபத்தெட்டு நாளாகும். தரையில் உட்கார்ந்திருக்கிற பறவைக்கு இந்த இருபத்தெட்டு நாளும் என்ன வேண்டும்? தீனியா? தண்ணீரா? காவலா? ஒன்றும் வேண்டாம். யாரும் வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டெல்மரிடம் இல்லாத ஒரே சரக்கு அது.

"சும்மா ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடுறேன்" என்றார், பூட்ஸை மாட்டிக்கொண்டே.

"காலையிலதானே பார்த்துட்டு வந்தே" என்றாள் வெர்னா.

"காலையில அது கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்துது. ஒரே பக்கமா உட்கார்ந்தா கால் மரத்துப்போகாதா?"

"மரத்துப்போனா அதுவே திரும்பிக்கும். அதோட அம்மாவை யாரு வந்து திருப்பிவிட்டாங்க?"

திருப்பிவிடத்தான் ஆளில்லையே, அதனால்தான் இனம் அழிகிறது என்பது டெல்மரின் கட்சி. இதை அவர் தீவனக் கடையில் காப்பி குடிக்கும் கூட்டத்தின் முன் வைத்தார். இந்த இனத்தாருக்கு ஒரு ரகசியம் கிடைத்தால் அதைக் காப்பாற்றப் பத்துப் பேராவது வேண்டும். ஒருவர் ரக்கூன் என்ற முட்டைதின்னி விலங்கை விரட்ட முடிதிருத்தும் கடையிலிருந்து மனிதத் தலைமுடி ஒரு மூட்டை கொண்டுவந்தார். இன்னொருவர் மழைக்குக் குடை நடச் சொன்னார். பக்கத்துப் பண்ணைக்காரர் கிளைட் ஸ்டாம்பர், இடம் தப்பிவிடக் கூடாது என்று சுற்றிலும் குச்சி நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டினார். பிறகு ரேடியோ பற்றிப் பேச்சு வந்தது. சோளம் பால் பிடிக்கும்போது கொல்லையில் ரேடியோவை அலறவிட்டு ரக்கூனை விரட்டுவது அந்த ஊர் வழக்கம். சோளத்துக்குச் செய்வதை முட்டைக்குச் செய்தால் என்ன?

"பாட்டு வைக்காதேய்யா" என்றார் கிளைட். "ரக்கூன் பாட்டுன்னா உட்கார்ந்து கேட்கும். பேச்சு வை."

பேச்சு வைத்தார்கள். அந்தப் பெட்டை பாவமன்னிப்பையும் பன்றிச் சந்தை நிலவரத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு பத்து நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் பொறுமையைப் பார்த்து வெர்னாவுக்கே கூச்சமாக இருந்தது. தனக்கு முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். இதற்கு என்ன தலையெழுத்து? ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் டெல்மர் ஆட்களை வரிசையாக அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். "யாரும் சத்தம் போடாதீங்க" என்று அவர் போட்ட சத்தம் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்டது.

மே கடைசியில் மூன்று நாள் வெயில் வரும் என்று வானிலை சொன்னது. புல்லறுப்பைத் தள்ளிப்போட முடியாது. தள்ளினால் பனிக்காலத்தில் மாடுகள் எதைத் தின்னும்? டெல்மர் அறுத்தார். கூட்டை மட்டும் விட்டு, சுற்றிலும் கட்டில் அகலத்துக்குப் புல்லை நிறுத்தி, மிச்ச வயல் முழுவதையும் மொட்டையடித்தார். உச்சந்தலையில் குடுமி விட்டதுபோல் அது நின்றது. அந்தக் குடுமியைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன், மேலே குடை, உள்ளே வாய் ஓயாத ரேடியோ, வீட்டு வாசலிலிருந்து அது வரைக்கும் பூட்ஸ் மிதித்து மிதித்து ரோடு போட்டதுபோல் ஒரு நேர்ப்பாதை. மாவட்டத்து ரக்கூன்களுக்கு இதைவிடத் தெளிவாக அழைப்பிதழ் அச்சடிக்க முடியாது.

பத்தொன்பதாம் நாள் காலை அவர் ஒரு எட்டுப் பார்க்கப் போனபோது ஓடுகள்தான் கிடந்தன. ரேடியோவில் யாரோ மக்காச்சோள உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஈரமண்ணில் ரக்கூனின் காலடி ஒவ்வொன்றும் டெல்மரின் பூட்ஸ் தடத்தின் மேலேயே ஒழுங்காகப் பதிந்திருந்தது.

அவரைத் திட்ட வெர்னாவிடம் ஒரு வாரத்துக்குத் தேவையான வார்த்தைகள் தயாராக இருந்தன. ஆனால் அவர் தொப்பியைக் கழற்றி, உடைந்த ஓடுகளை அதில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வயலிலிருந்து வருவதைப் பார்த்ததும் அவள் போய்க் கோப்பையை எடுத்து வைத்தாள். காப்பியை ஊற்றினாள்.

"என் தப்புதான் வெர்னா" என்றார் டெல்மர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவள் கேட்டதில்லை.

"இன்னும் அடிக்கடி போயிருக்கணும்" என்றார்.

முட்டையை இழந்த பெட்டை சில சமயம் சளைக்காமல் மறுபடி முட்டையிடும். ஜூன் நடுவில் துணி உலர்த்தப்போன வெர்னா, களஞ்சியத்துக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய புல்வாரி இயந்திரத்துக்கு அடியில், முள்புதருக்குள் ஒரு கண் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். பிறகுதான் பறவையே தெரிந்தது. துணிக்கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் பின்னோக்கியே நடந்து வீட்டுக்குள் வந்துவிட்டாள். அங்கிருந்து துணிக்கொடிக்கு இருபது தப்படிகூட இல்லை. இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. வீட்டுக்குள் டெல்மர் இருக்கிறார்.

"களஞ்சியத்துக்குப் பின்னால போகாதே" என்றாள். "செம்புத்தலை விரியன் ஒண்ணு கிடக்கு."

டெல்மர் கரடிக்குப் பயப்பட மாட்டார். பாம்பு வேறு விஷயம். "எவ்வளவு பெரிசு?"

வெர்னா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"அதுல பாதியே எனக்குப் போதும்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

ஆனால் கிளைட் சாயவில்லை. செய்தி கேட்டு மண்வெட்டியோடு வந்துவிட்டார். "சும்மா ஒரு எட்டுப் பார்த்து ஒரே போடா போட்டுட்டு வந்துடுறேன்."

"சினையா இருக்கிற பாம்பு கிளைட். வயிறு இவ்வளவு பெரிசு" என்றாள் வெர்னா. "அந்த நேரத்துல அதுக்குக் கோபம் ஜாஸ்தி. உள்ள வா, செர்ரிப் பணியாரம் இப்பதான் வெந்துது." கிளைட் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, பாம்புக்கும் குடும்பம் உண்டு என்று ஒப்புக்கொண்டு போனார்.

எல்லாரையும் தடுத்தாயிற்று. வெர்னாவை யார் தடுப்பது? ஐந்தாம் நாள் அவள் காய்ந்த துண்டையே நனைத்து மறுபடி உலர்த்தப்போனாள். ஒன்பதாம் நாள் வாசல் திரைச்சீலையைத் துவைத்தாள்; பதினோராம் நாள் அதே திரைச்சீலையை மறுபடி துவைத்தாள். கிளிப்பை மாட்டுகிற சாக்கில் ஓரக்கண்ணால் ஒரு பார்வை, அவ்வளவுதானே? பதின்மூன்றாம் நாள் கூடையோடு இறங்கியவள் காலடியில் புல் மிதிபட்டு மெல்லிய ஒரு பாதை விழுந்திருப்பதைக் கண்டாள். அது கொடியைத் தாண்டி நாலு தப்படி போயிருந்தது. அன்றோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்தி, துணிகளை வீட்டுக்குள் காயப்போட்டாள்.

"வெளியில வெயில் கொளுத்துது. என் ஜட்டி ஏன் நாற்காலியில காயுது?" என்று கேட்டார் டெல்மர்.

"வெயில்ல சாயம் போகுது."

"வெள்ளை ஜட்டியில என்ன சாயம்?"

"அதான் போயிடுச்சே" என்றாள்.

ஜூலையில் ஒரு காலை, அறுத்த வயலில் கணுக்கால் உயரம் தளிர்த்திருந்த புல்லுக்குள் பெட்டை தலையை நீட்டிக்கொண்டு வந்தது. பின்னால் புல் மட்டும் ஏழு இடத்தில் ஆடியது. ஏழு குஞ்சுகள் வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு உருண்டன. வாசலில் உட்கார்ந்திருந்த டெல்மர் அழுதுவிட்டார். வெர்னாவும்தான். ஆனால் டெல்மர் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; அதுதான் ஆபத்து.

"ரேடியோ வேலை செஞ்சிருக்கு பார்த்தியா? ரக்கூன் ஜூலை வரைக்கும் பயந்துபோய் இருக்கு" என்று எழுந்தார். "இன்னும் ரெண்டு வாரத்துக்கு அதுங்களுக்குப் பறக்கத் தெரியாது. மழை பெய்ஞ்சா நனைஞ்சே செத்துடும். அந்தக் குடையை எடு, சும்மா ஒரு எட்டு..."

"உட்காரு" என்றாள் வெர்னா. "பாம்பு அந்தப் பக்கமாத்தான் போச்சு."

உட்கார்ந்தார். இரண்டு வாரமும் உட்கார்ந்தார். ஒரு புயல்மழை வந்தது, இரண்டு குஞ்சுகள் குறைந்தன. பருந்து ஒன்றைத் தூக்கியது. ஒவ்வொரு தடவையும் டெல்மர் குடையைத் தேடினார், வெர்னா பாம்பை நினைவுபடுத்தினாள், அவள் கை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. பதினைந்தாம் நாள் அந்தி சாயும்போது நாலு குஞ்சுகள் படபடவென்று எழும்பி, ஓக் மரத்துக் கீழ்க்கிளையில் தாயை ஒட்டி உட்கார்ந்தன. ஏழில் நாலு. அந்த மலைப்பக்கத்தில் அது பெரிய அறுவடை.

அந்தப் பெட்டை இந்த வருஷமும் முட்டையிட்டிருக்கிறது. இடம் வெர்னாவுக்குத் தெரியும். எங்கே என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றுகிறது, இல்லையா? எத்தனை முட்டை, நரி கிரி வருமா, மழை எப்படி, வேறொன்றுமில்லை, பத்திரமாக இருக்கிறதா என்று தெரிந்தால் போதும், தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வந்துவிடலாம். உங்களுக்கு நல்ல மனசு. முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.