பனிப்பூவைக்குப் பொன்னாடை

இனிமேல் ஆம்பளையாக எழுதுவதில்லை என்று பேச்சிராஜ் சபதம் செய்தான்.

அவனுக்கு ஒரகடத்தில் கார் சீட்டுக்குள் நுரை திணிக்கிற வேலை. மிச்ச நேரமெல்லாம் இன்டர்நெட்டில், தன் வலைப்பூவுக்குள் கவிதை திணிப்பான். நூறு கவிதை போட்டும் வந்தது ஒரே ஒரு பின்னூட்டம். அதையும் அவனேதான் போட்டிருந்தான்.

"மூணு வேளை நான் முன்னால வச்சு ஊட்டுதது பத்தாதுன்னு, ஊராருகிட்டப் பின்னூட்டம் வேற கேக்குதீயளாக்கும்?" என்றாள் மனைவி இசக்கிசெல்வி.

சபதப்படி 'பனிப்பூவை' என்று பெயர் சூட்டி, ரோஜாப்பூ படம் ஒன்றை ஒட்டி, அதே பழைய கவிதைகளைத் திரும்ப ஏற்றினான். வந்து குவிந்த பின்னூட்டத்தின் பாரம் தாங்காமல் பென்னலூர் வாடகை வீட்டுக் கம்ப்யூட்டரே புகைந்தது என்றால் நம்புங்கள். 'அடடா, தோழி!' 'கண் கலங்கிவிட்டேன் சகோதரி!' துபாயில் ஒருத்தர் சாப்பாட்டையே விட்டுவிட்டாராம்.

அந்தப் புகழே வினையாக வந்து நின்றது. மறைமலை நகரில் பதிவர் சந்திப்பு. பனிப்பூவைக்குப் பொன்னாடை!

"எளா, எனக்காக நீ போய் நில்லு. பொன்னாடைய வாங்கு, இறங்கிரு. வாயத் தொறக்காத."

"வாயத் தொறக்காம நன்றி எப்படிச் சொல்லுதது?"

"சரி, அது மட்டும் சொல்லு."

அவள் நன்றியில்தான் தொடங்கினாள். பிறகு மைக் அவளை விடவில்லை. "அடுப்புல குழம்பு கொதிக்கும்போதுதான் எனக்குள்ள கவிதையும் கொதிக்கும்" என்றாள். கைதட்டலில் மண்டபத்து மின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியது. "எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கவிதை பிடிபடாது. ஆனா டைப் அடிச்சுக் குடுப்பாவ. தங்கமான மனுசன்."

மனைவியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பேச்சிராஜுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலி மேல் ஏறி, "எழுதுனது பூரா நாந்தான்யா!" என்று அலறினான்.

சந்திப்பை நடத்திய மண்ணூர் ஜெபகுமார் மைக்கைப் பிடுங்கினார்.

"இன்னா சார் அநியாயமா கீது? பொண்டாட்டி எழுத்தைக்கூட உட்டுவெக்க மாட்டியா?"

"பனிப்பூவை நான்! அந்த ரோஜாப்பூவும் நான்!"

"விடுங்கண்ணே" என்று இசக்கிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நைட் ஷிப்ட்டு. தூக்கம் கெட்டா இப்படித்தான் பேசுவாவ."

அவர்கள் வீடு வந்து சேர்வதற்குள், 'மனைவியின் கவிதையைத் திருடும் கணவன்' என்று பார்க்கிற வலைப்பூவிலெல்லாம் பதிவு. நாற்காலி மேல் வாயைப் பிளந்து நிற்கிற போட்டோவோடு.

பேச்சிராஜ் பாயில் குப்புற விழுந்தான். "இப்பவே பனிப்பூவைய அழிச்சிருதேன்!"

"அழிச்சுப் பாருங்க. பொண்டாட்டி எழுத்தைக் கொன்னுட்டான்னு எழுதுவாவ."

அவன் புரண்டு படுத்தான். அவள் பொன்னாடையை மடித்தபடி சொன்னாள்:

"அடுத்த மாசம் கவியரங்கத்துக்குக் கூப்பிட்டிருக்காவ. இந்தத் தடவையாவது கொஞ்சம் நல்லா எழுதிக் குடுங்க. என் பேரு கெட்டுறப்பிடாது."