படகுக்குள் வந்த அம்மை

திருமுல்லைவாயல்,
12.5.1989

மரியாதைக்குரிய மச்சான் செங்கல்வராயன் அவர்களுக்கு, கன்னியப்பன் வணக்கத்துடன் எழுதுவது.

சோளிங்கரில் தாங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம். இதை ஒப்புக்கு எழுதவில்லை, மச்சான். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் முதுகைச் சொறியாமல் உட்கார்ந்திருக்கிறேன். "வீட்டில் அம்மை, வர வேண்டாம்" என்று நான் கொடுத்த தந்தியைக் கிழித்துப் போட்டுவிட்டு, வரும் புதன்கிழமை நம் மகள் பஞ்சவர்ணத்தின் நிச்சயதார்த்தத்துக்குத் தாய்மாமன் சீரோடு வந்து சேருங்கள்.

ஓய்வு பெற்ற கையோடு ஏலத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு எடுத்தேன் அல்லவா? எதற்கு என்று தங்கள் தங்கை ஜெகதாம்பாள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். வெளியே பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, உள்ளேதான் ஊர்ப்பட்ட கோளாறு. பக்கங்களில் ஒட்டியிருந்த ரெக்சின் பூஞ்சை பிடித்துத் தொங்கியது, அதைப் பிய்த்தால் பின்னாலிருந்த ஸ்பாஞ்சு பொடிப்பொடியாகக் கொட்டியது, அதைச் சுரண்டினால் பழைய பசை வெல்லப்பாகு மாதிரி கையோடு வந்தது, சரி, வாசலில் கிடப்பது நிச்சயத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் படுமே, தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று வெறும் பனியனோடு உள்ளே உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வெள்ளையாகத் தூள் பறந்தது. அந்தப் பனியனையும் துண்டையும் வீட்டுத் துணிகளோடு ஒரே வாளியில் ஊறப்போட்டாள் ஜெகதாம்பாள்.

மறுநாள் காலை எனக்கு உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்துவிட்டது. மத்தியானம் அவளுக்கு. சாயங்காலம் பஞ்சவர்ணத்துக்கு. "அம்மா வந்துட்டாய்யா, கன்னத்துல போட்டுக்கோ! தாளிக்கக் கூடாது, ஒருத்தரும் ஊட்டாண்ட வரக் கூடாது" என்று சொல்லி ஜெகதாம்பாள் வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். ஏற்கெனவே இரண்டு இடம் கைகூடி வந்து தட்டிப்போன பெண். அபசகுனம் என்று மூன்றாவது இடமும் நழுவிவிடுமோ என்று எனக்குப் பயம். "நீ தனியாப் படு" என்றாள் ஜெகதாம்பாள். தனி இடத்துக்கு நான் எங்கே போவேன்? படகுக்குள்ளேயே படுத்தேன். படுக்கப் படுக்கப் பொரி கூடியது. அம்மாவுக்குக் கோபம் என்று அவள் திருவேற்காட்டில் கூழ் ஊற்றுவதாக வேறு வேண்டிக்கொண்டாள்.

நேற்று மாப்பிள்ளையின் அப்பா குணசேகரன் வேலப்பன்சாவடியிலிருந்து விசாரிக்க வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் வீட்டுக்குள் வரவில்லை. பேச்சை முறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் தூரத்தில் நிற்க, அவர் கால் வலிக்கிறதென்று படகுக்குள் ஏறி உட்கார்ந்து, வெக்கை தாங்காமல் சட்டையையும் கழற்றிவிட்டுச் சாய்ந்துகொண்டார். ஒரு சோடா குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது.

"இன்னா சம்மந்தி, குந்துனதும் இந்த அரிப்பு அரிக்குது? அம்மா இம்மாஞ் சுருக்காவா வருவா?"

கையை வெயிலில் நீட்டிப் பார்த்தார். முடியைவிடச் சன்னமாகக் கண்ணாடி இழைகள் மின்னின.

"யோவ் சம்மந்தி, இது அம்மா இல்லய்யா, உன் படகு!"

அவர் சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மச்சான். பிறகு இருவருமாக ஈரத்துணியால் தூளை வழித்தெடுத்து, இழை வெளியே வராதபடி பட்டி பூசினோம். இன்று காலை வெளிர்நீலப் பெயிண்டும் அடித்தாயிற்று. குங்குமச் சிமிழின் உள்பக்கம் மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. கூழ் மட்டும் ஊற்றியே ஆக வேண்டுமாம். வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதானாம்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும். சின்னதுகளுக்கு என் ஆசீர்வாதம். அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
அரிப்பு நீங்கிய தங்கள் மைத்துனன்,
கன்னியப்பன்

பி.கு. (13.5.1989): நேற்றே தபாலில் போடாதது நல்லதாயிற்று. இன்று காலை ஜெகதாம்பாள் என் முதுகைப் பார்த்து "ஐயையோ" என்றாள். நீர் கோத்த முத்துகள். டாக்டரும் பார்த்துவிட்டார், இது படகு இல்லை, அம்மையேதான். இரண்டு வாரத்துக்கு முன் நானும் சம்பந்தியும் நாள் குறிக்கப் போன ஜோசியர் வீட்டில் அப்போது பேரக்குழந்தைக்கு அம்மை வார்த்திருந்ததாம். மற்றதெல்லாம் சொன்னவர் அதை மட்டும் சொல்லவில்லை. சம்பந்திக்கும் இன்று போட்டுவிட்டது. போச்சு, மூன்றாவது இடமும் போச்சு என்று கிடந்தேன். சம்பந்தியம்மாள் ஞானம்மாள் வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார்கள்: "அம்மா ரெண்டு ஊட்டுக்கும் ஒண்ணா வந்துகீறா. அவளே ஒண்ணாக்கிட்டா, நாம இன்னாத்த பிரிக்கறது? மூணு தண்ணி ஊத்தினதும் நிச்சயத்த வெச்சிக்கலாம். பொண்ணு எங்களுதுதான்." படுத்த இடத்திலிருந்தே கும்பிட்டேன், மச்சான். ஆகவே புதன்கிழமை வர வேண்டாம். இதைப் படித்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.