சம்பந்தி காருக்கு ஆயில்

சம்பந்தியாகப் போகிறவரின் காரில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து சிங்காரவேலுவுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"அது ஒண்ணுமில்லீங்க, ஆயில் மாத்தச் சொல்லுது," என்றார் சாமிதுரை, ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே. "மெட்ராஸ் கொண்டுபோனாத்தான் ஆவும். இந்த வண்டில கை வைக்கிற ஆம்பள பெரம்பலூர்லயும் இல்ல, அரியலூர்லயும் இல்ல."

இதை அவர் வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சிங்காரவேலு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லோடு அடிக்கிற ஆறு லாரிகளுக்குச் சொந்தக்காரர். ஆறுக்கும் ஆயில் மாற்றுவது அவர் கைதான். மெக்கானிக்கைக் கிட்டவே சேர்க்க மாட்டார். வீட்டை ஒட்டின கொட்டகையில் இதற்கென்றே குழி வெட்டி, அதில் லாரியை நிறுத்தி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கோயில் குளமெல்லாம் அந்தக் குழிதான்.

ஆனால் இந்த ஞாயிறு வேறு. மகள் வினோதினியைப் பெண் பார்க்கப் பெரம்பலூர் கல் குவாரி சாமிதுரை, மனைவி செங்கமலம், மகன் அசோக்கோடு வந்திருந்தார். அவர்கள் வந்தது ஒரு ஜெர்மன் காரில். தரையோடு தரையாய்ப் படுத்துக் கிடக்கிற கறுப்பு கார். மிதித்தால் திருச்சிக்கு முக்கால் மணி நேரமாம். 2006-ல் அந்தத் தெருவில் சுமோதான் பெரிய வண்டி. தெருவே வாயைப் பிளந்து நின்றது.

ஒரே ஒரு சங்கடம், அவர்கள் சகுனம் பார்க்கிற குடும்பம். காலையிலேயே தெருமுனையில் பூனை குறுக்கே ஓடிவிட்டதாம். காரை விட்டு இறங்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அதற்குப் பிறகுதான் வாசலுக்கு வந்தார்கள்.

பெண்ணைப் பிடித்துவிட்டது. செங்கமலம் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "பொண்ணு என்னமோ இஞ்சினீரு படிக்குதாமே?"

"இன்னும் ஒரு வருசம் இருக்குங்க. முடிச்சா வேலை…" என்று வினோதினி ஆரம்பித்தாள்.

"எங்க வூட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கமில்ல. கல்யாணத்துக்கப்புறம் படிப்பு மட்டும் எதுக்கு?"

"அதுக்கென்ன, நாளைக்கே நிறுத்திடறேன்," என்றார் சிங்காரவேலு. யோசிக்கவே இல்லை. வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள். காபித் தட்டோடு நின்ற அவள் அம்மா சுந்தராம்பாள் மகளையே பார்த்தாள்.

சுந்தராம்பாள் போன வாரமே பேசிப் பார்த்திருந்தாள். "இந்த இடம் வேண்டாங்க. புள்ள படிச்சு முடிக்கட்டும்," என்று சொல்லியிருந்தாள். சொன்ன அடுத்த நிமிஷமே சிங்காரவேலு செல்லை எடுத்து, "வர்ற ஞாயித்துக்கெழம வந்துடுங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டார். அவர் சுபாவம் அப்படி. வீட்டுக்கு ரோஸ் கலர் மட்டும் வேண்டாம் என்று அவள் சொன்னதால்தான் வீடு இன்றைக்கும் ரோஸ் கலரில் நிற்கிறது.

பெண் பிடித்தாலும், அம்மன் உத்தரவு வேண்டும் என்றார் சாமிதுரை. அவர்கள் குலதெய்வம் விக்கிரமங்கலம் தாண்டி ஒரு வயல்காட்டில் இருந்தது. சிவப்புப் பூ, வெள்ளைப் பூ இரண்டையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு எடுப்பார்கள். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் இல்லை. அந்த நேரத்தில் பெண் வீட்டார் கூட இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். வழியெல்லாம் மேடும் பள்ளமும், கார் வயிறு தட்டும். அதனால் சிங்காரவேலுவின் சுமோவிலேயே கிளம்பினார்கள். டிரைவர் கொளஞ்சி ஓட்டினான்.

"லோடு லாரி வந்தா வண்டியத் தள்ளி நிறுத்தணும், சாவி குடுத்துட்டுப் போங்க சம்பந்தி," என்றார் சிங்காரவேலு. அன்றைக்கு எந்த லாரியும் வருவதாக இல்லை.

சுமோ தெரு திரும்பியதும் அவர் லுங்கிக்கு மாறினார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் சுந்தராம்பாள்.

"ஆயில் மாத்தப் போறேன். திரும்பி வந்து பாக்கறப்ப அந்த மஞ்ச லைட்டு எரியக் கூடாது. சம்பந்தி அசந்து போவணும்."

"வேண்டாங்க. அது வேற மாதிரி வண்டி. உங்களால முடியாது."

"என்னாலயா? என்னால முடியாதா?" அவர் காரை எடுத்துக் கொட்டகைக் குழியின்மேல் நிறுத்திவிட்டார். அதுவரை காருக்கு ஒரு குறையும் இல்லை.

முதல் அதிர்ச்சி அடியில். லாரிக்கு அடியில் போனால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இதற்கு அடி முழுக்கப் பிளாஸ்டிக் தட்டு வைத்து மூடியிருந்தது. "அடப்பாவி, ஜட்டி போட்டு விட்டிருக்கான்டி!" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. ஸ்குரூ ஸ்குரூவாகக் கழற்றித் தட்டை இறக்கினார். உள்ளே இரண்டு நட்டு தெரிந்தது. முன்னால் ஒன்று, கொஞ்சம் பின்னால் ஒன்று.

சுந்தராம்பாள் டார்ச் அடித்தாள். ஜெயங்கொண்டத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர் மகள் அவள். பிறந்து வளர்ந்ததே கிரீஸ் வாசத்தில்தான். கல்யாணமான பிறகு அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை. "முன்னாடி இருக்கறதுதாங்க எஞ்சின் நட்டு. பின்னாடி இருக்கறதத் தொடாதீங்க."

"நீ எனக்கு நட்டு காட்டுறியா? டார்ச்ச நேராப் புடி."

பின்னால் இருந்த நட்டைத் திருகினார். எண்ணெய் கொட்டியது.

"ஏய்! செவப்பா வருதுடி!"

"செவப்பா வந்தா உடனே மூடிடுங்க."

"எதுக்கு மூடணும்? வெளிநாட்டுக்காரன் ஆயில் செவப்பாத்தான் இருக்கும். கறுப்பா இருக்க அது என்ன நம்ம லாரியா?" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை வடித்தார். "பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு. இத வச்சு இன்னும் ஒரு வருசம் ஓட்டலாம். மெட்ராஸ்காரன் நல்லா ஏமாத்துறான்."

மேலே ஏறி பானெட்டைத் திறந்தார். அங்கேயும் எஞ்சினைக் காணவில்லை, பிளாஸ்டிக் மூடிதான். நல்லவேளை, ஒரு திருகு மூடியில் எண்ணெய்க் குவளைப் படம் போட்டிருந்தது. அதைத் திறந்து, மூலையில் இருந்த லாரி ஆயில் டின்னைத் தூக்கி வந்தார்.

"அய்யோ, லாரி ஆயில ஊத்தாதீங்க!"

"இருபது டன் இழுக்கிற லாரியே இதக் குடிச்சுட்டுத்தான் ஓடுது. இந்தத் தவளைக்கு இது போதாதா?"

ஊற்றினார். அளவு பார்க்கலாம் என்று குச்சியைத் தேடினார். முன்னால் தேடினார், பின்னால் தேடினார், மகளைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். குச்சியே இல்லை.

"குச்சி இல்லாத எஞ்சினா? எவனோ திருடிட்டான்டி!"

"இந்த மாதிரி வண்டிக்குக் குச்சி இருக்காதுப்பா. ஸ்கிரீன்லயே காட்டும்," என்றாள் வினோதினி.

"போதுங்க, இதுக்கு மேல ஊத்தாதீங்க," என்றாள் சுந்தராம்பாள்.

அவர் இன்னொரு டின்னை உடைத்தார். பழைய எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுக்கூட வெளியே வராமல் உள்ளேயே கிடக்க, அதன் தலைமேல் லாரி ஆயில் வாய்வரை ஏறி நின்றது. சிங்காரவேலு கையைத் துடைத்துக்கொண்டு, ராஜா மாதிரி உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார்.

பின்னாலிருந்து புகை கிளம்பியது. கொஞ்ச நஞ்சப் புகை இல்லை. கொட்டகை மறைந்தது, தென்னை மரம் மறைந்தது, சுந்தராம்பாள் மறைந்தாள். எதிர்வீட்டுக்காரர், "என்னங்க, போகிக்கு இன்னும் நாள் இருக்கே?" என்று கேட்டார்.

கியரைப் போட்டார். கார் நகரவில்லை. ஸ்கிரீனில் சிவப்பு எழுத்து ஓடியது, மணி அடித்தது.

"போதுங்க, அழுத்தி மிதிக்காதீங்க."

அழுத்தி மிதித்தார். எஞ்சின் அலறியது. சக்கரம் மட்டும் சாமியார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. சிங்காரவேலு வெலவெலத்துப் போனார். எஞ்சினை அணைத்தும் மணி நிற்கவில்லை.

"இந்த மணிய நிறுத்தணும். பேட்டரியக் கழட்டுறேன்."

"பேட்டரில மட்டும் கை வைக்காதீங்க, புண்ணியமாப் போவும்."

வைத்தார். அந்தப் பேட்டரியும் பானெட்டில் இல்லை, டிக்கியில் இருந்தது. "இவன் ஊர்ல எல்லாமே தலைகீழாடா!" என்று திட்டிக்கொண்டே ஒயரைப் பிடுங்கினார். மணி நின்றது. அப்பாடா என்று நெற்றியைத் துடைத்தபோது தெருமுனையில் சுமோ ஹாரன் கேட்டது.

அவசர அவசரமாக ஒயரைத் திரும்ப மாட்டினார். மாட்டிய கணம், நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே சீட்டில் கிடந்தது. லைட்டெல்லாம் மின்ன, கார் ஊரைக் கூட்டிக் கத்த ஆரம்பித்தது.

சாமிதுரை முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார். கையில் வெள்ளைப் பூ. "சம்பந்தி! வெள்ளை! மொத எடுப்புலயே வெள்ளை! அம்மன் உத்தரவு குடுத்துட்டா!" அப்புறம்தான் சத்தம் காதில் விழுந்தது. "வண்டி ஏன் கத்துது? ஏன் கொட்டாய்க்குள்ள நிக்குது?"

"வெயில்ல நிக்க வேண்டாமேன்னு…" என்று இழுத்தார் சிங்காரவேலு. "கத்துறது… வந்து… பூனை ஒண்ணு மேல ஏறி ஓடிச்சு சம்பந்தி. அதான்."

"பூனையா?" என்றாள் செங்கமலம். அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "காலைல பாத்த அதே பூனையா?"

"இது வேற பூனைங்க," என்றார் அவர். இரண்டு பூனை ஆகிவிட்டது.

அசோக் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து அமுக்கினான். கத்தல் நின்றது. ஏறி ஸ்டார்ட் பண்ணினான். புகை மறுபடி எழுந்தது. மிதித்தான், அலறியது, நகரவில்லை. அவன் இறங்கி வந்தபோது புது மாப்பிள்ளைக் களை போயிருந்தது. "வாங்குனதுலேருந்து ஒரு நாள் நின்னதில்லப்பா இது," என்றான்.

சிங்காரவேலுவுக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிடும் போலிருந்தது. மகள் வாழ்க்கையே தன் கையால் புகையாய்ப் போகிறது என்று தோன்றியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் சுந்தராம்பாள் பதறிப்போய் செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, சகுனத் தடைன்னு மட்டும் நெனச்சுடாதீங்க."

அதுவரை அந்த வார்த்தையை யாரும் சொல்லியிருக்கவில்லை. செங்கமலம் கணவன் கையிலிருந்த வெள்ளைப் பூவைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"பூவக் குடுத்துட்டு வண்டியப் புடிச்சுக்கிட்டாளே அம்மன்," என்றார் சாமிதுரை மெதுவாக. "நல்ல காரியம் பேசிட்டுக் கெளம்பறப்ப வண்டி நகரலன்னா, அதுக்கு மேல என்ன வாக்கு வேணும்?"

"சம்பந்தி, ஆயிலு… ஆயில நான்தான்…" என்றார் சிங்காரவேலு.

"நீங்க என்ன பண்ணுவீங்க? இது தெய்வ குத்தம். நீங்க நல்ல மனுசன். இந்த ஒறவு வேண்டாம், விட்டுடுங்க." சாமிதுரை அவர் கையைப் பிடித்து ஆறுதல் வேறு சொன்னார். கோயிலுக்குப் போன சுமோவிலேயே மூவரும் பெரம்பலூர் போனார்கள். காரை லாரியில் ஏற்றி மெட்ராஸ் அனுப்பிச் சரி பண்ணித் தருவது என் பொறுப்பு என்று சிங்காரவேலு சுமோவின் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிச் சொன்னார்.

மெட்ராஸ் கம்பெனிக்காரன் சாயந்திரம் செல்லில் விளக்கினான். அவர் வடித்தது கியர் பாக்ஸ் ஆயில். கேட்டுவிட்டு அவர் கொட்டகை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். உள்ளே வினோதினி, நாளைக் காலை காலேஜ் பஸ்ஸுக்குப் புத்தகங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

சுந்தராம்பாள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"நான் ஒரு மடையன் சுந்தரா," என்றார் சிங்காரவேலு. "நீ அப்பவே சொன்ன. ஆயில் மாத்த வேண்டாம்னு சொன்ன, நட்டத் தொடாதீங்கன்னு சொன்ன, போதும்னு சொன்ன, பேட்டரில கை வைக்காதீங்கன்னு சொன்ன. ஒண்ணையாவது கேட்டேனா?"

"இருபத்தஞ்சு வருசத்துல நான் சொல்லி நீங்க எதக் கேட்டிருக்கீங்க?" என்றாள் சுந்தராம்பாள், டம்ளரை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே. "அந்தத் தைரியத்துலதாங்க ஒவ்வொண்ணா வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன்."