கடல் வருகுது எண்டு கையால சொல்லுறது

மட்டக்களப்பு,
2008 ஆவணி

பாசமுள்ள லொறெய்ன் அக்காவுக்கு,

மாதாவின் காவலில் நானும் மகள் எறிக்காவும் நலம். அவுஸ்திரேலியக் குளிருக்குள் நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நலம் என்று எழுதியது மரியாதைக்கு, அக்கா. உள்ளதைச் சொன்னால், பயத்தில எனக்குச் சோறு இறங்குதில்ல.

எறிக்காவுக்குப் பிறப்பிலேயே காது கேளாது. என்ட மனிசி ஒலிவ் இருக்குமட்டும் தாயும் மகளும் கையாலதான் கதைச்சாங்க, எனக்கு ஏதும் சொல்ல வேணுமெண்டா ஒலிவ்தான் நடுவில நிண்டு சொல்லுவா. ஒலிவைச் சுனாமியில கடல் கொண்டுபோய் நாலு வருஷமாகப் போகுது. இப்ப அப்பனும் மகளும் ஆளை ஆள் பார்த்துச் சிரிச்சே காலத்தை ஓட்டுறம். பசிச்சா வயித்தைத் தடவலாம். கடல் திரும்பி வந்தா என்னத்தத் தடவுறது, அக்கா? ஊரே கத்தும், பிள்ளை தன்ட பாட்டில கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு நிப்பாள். நினைச்சாலே நெஞ்சு பதறுது.

சரீப்ட நெட் கடையில கையால கதைக்கிற பாடமெல்லாம் இரிக்காம். போனன். ஒரு வெள்ளைக்காரி கையை ஆட்டுறா, நானும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆட்டுறன். "அங்கிள், அந்தப் படத்துக்குச் சத்தமே இல்ல, ஹெட்போன் என்னத்துக்கு?" எண்டான் சரீப். பாடமெண்டா ஒழுங்காப் படிக்க வேணாமா? வாற வழியில கல்லடிப் பாலத்தடியில சைக்கிளைச் சாத்திப்போட்டு, படிச்சதை ஒருக்காச் செஞ்சு பாத்தன். ஆமிச் சென்றியில நிண்டவன் கண்டிட்டான். ஆருக்குச் சிக்னல் குடுக்கிறாய் எண்டு துவக்கை நீட்டினான். ஐயோ மாதாவே! விளங்கப்படுத்த எனக்குக் கை வேணும், அவன் ரெண்டு கையையும் தலையில வையெண்டுறான். மீன் யாவாரி முஹம்மட் பின்னால வந்து, "இந்தாளுக்கு விசர், மாத்தயா" எண்டு அவனிட்டச் சொன்னதாலதான் உசிரோட வந்தன்.

வீட்டுக்கு வந்ததும் 'கடல் வருகுது, ஓடு' எண்டு எறிக்காவுக்குக் காட்டினன். பிள்ளை போய்த் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தாள். நாட்டுக்கு நாடு கைப் பேச்சு வேறயாம், நான் படிச்சது அமெரிக்காவுடையதாம். ஒலிவும் பிள்ளையும் வீட்டுக்குள்ள தாங்களே உண்டாக்கினதை எந்த இன்டர்நெட்டில தேடுறது, அக்கா?

என்னால இந்தப் பிள்ளையைக் காப்பாத்த ஏலாது. எறிக்காவை உங்களிட்டக் கூப்பிட ஒழுங்கு செய்யுங்க, அக்கா. கடலில்லாத இடமாப் பாத்து வைங்க.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதா உங்கள் வீட்டு வாசலைக் காப்பாளாக.

இப்படிக்கு,
பயந்தாங்கொள்ளித் தம்பி
எல்மோ

பி.கு.: இதைத் தபாலில போட வந்த இடத்தில, கடைசியா ஒரு பாடம் பாப்பமெண்டு சரீப்ட கடைக்குள்ள ஏறினன். ஹெட்போனோட ஆட்டிக்கொண்டிருக்கிறன், தோளில ஒரு அடி விழுந்திச்சு. கிறுகிப் பாத்தா எறிக்கா! வெறுங்காலோட, மூச்சு வாங்க நிக்கிறாள். கடைக்குள்ள ஈ காக்கா இல்ல. கடல் வருகுதெண்டு ஆரோ கத்தி, சரீப் உட்பட சனமெல்லாம் ஓடிட்டுது. எனக்கு ஒண்டும் கேக்கல்ல. சனம் ஓடுறதைக் கண்டிட்டு அவள் என்னைத் தேடி வந்திரிக்காள். ரெண்டு கையையும் உயத்தி என்ட தலைக்கு மேல கவுத்தாள், பிறகு ரோட்டைக் காட்டினாள். முழுக்க விளங்கினது, அக்கா. கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டே ஓடினாள். கடல் வரல்ல, வெறும் புரளியாம். மேல எழுதினதை விடுங்க, அவளைக் கூப்பிட வேணாம். அவள் அங்க வந்திட்டா, கடல் வந்தா எனக்கு ஆர் சொல்லுறது?