சபையை எழுப்பிய ஆடுகள்

பெண் கேட்கப் போகிறவன் பூவும் பழமும் கொண்டுபோவான். நான் ஒரு சாக்கு நிறைய ஆட்டுக் கழுத்துப்பட்டைகள் கொண்டுபோனேன்.

நரிக்குடிப் பக்கம் தேவசகாயம் மாமா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவர் மகள் ஜெபாவை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. பாளையம்பட்டியில் வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறவனை ஆள் கணக்கில் சேர்க்க மாமாவுக்குத்தான் மனம் வரவில்லை.

"அந்தப் பொட்டி, எங்க ஆடு பக்கத்துக் காட்டுக் கொத்தமல்லியில விழாமப் பாக்குமா தம்பி? பாத்துச்சுன்னா மத்ததப் பேசலாம்" என்றார்.

"பாக்கும் மாமா" என்றேன். (என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும்.)

ஏற்பாடு எளிது. ஆடு எல்லை தாண்டினால் பட்டையிலுள்ள கருவி இணையச் சேவை ஒன்றுக்குச் சேதி அனுப்பும். அந்தச் சேவை வெப்ஹுக் என்ற வழியில் என் போனை எழுப்பும், போன் கத்தும். அந்தக் காட்டில் எல்லோரும் அலறியடித்து ஓடிவருவது மாமாவின் குரலுக்குத்தான். அதையே பதிவு செய்தேன்: "ஆடு வெள்ளாமையில விழுந்துருச்சு! ஓடியாங்க!"

அதோடு விட்டேனா? ஆடு அசைந்தாலே சேதி போகட்டும், போகாவிட்டால் திரும்பத் திரும்பப் போகட்டும் என்றும் வைத்தேன். (அசையாத ஆட்டை யாராவது பார்த்திருக்கிறீர்களா?) சேவையோ நிமிடத்துக்கு இவ்வளவுதான் வாங்குவேன், மற்றதெல்லாம் வரிசையில் நில்லு என்றது. திருச்சுழி பஸ்ஸின் ஒரே படியில் ஊரே ஏறப் பார்த்த கதையாகிவிட்டது. சனிக்கிழமை ஆடுகள் மல்லிக்குள் புகுந்து வயிறு முட்ட மேய்ந்தன. போன் வாயே திறக்கவில்லை.

"நாளைக்கு வேதக்கோயில்ல அறுப்பின் பண்டிகை. காணிக்கைக் காய்கறி ஏலம் முடிஞ்சதும் பட்டையெல்லாம் கழட்டிக்கிட்டு ஊரு போய்ச் சேருங்க தம்பி" என்றார் மாமா. ஜெபா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அழுகையே வந்தது.

மறுநாள் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு எல்லோரும் கோயிலுக்கு வந்தார்கள். நான் கோயிலின் பின்பக்கம் லேப்டாப்போடு உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்தேன். அசைவுச் சேதியை நிறுத்தினேன், வழி திறந்தது. குதிக்காத குறைதான். ஆனால் வரிசையில் நின்ற நேற்றைய சேதிகளை அழிக்க மறந்துவிட்டேன். கீர்த்தனை போடுவதற்காக என் போனை ஒலிபெருக்கியில் மாட்டியிருந்ததையும் மறந்துவிட்டேன்.

உள்ளே ஒரு பூசணிக்காய்க்கு ஏலம் சூடுபிடித்திருந்தது. கேட்டது மாமா.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"ஆடு வெள்ளாமையில விழுந்துருச்சு! ஓடியாங்க!" என்றது ஒலிபெருக்கி.

சபை மொத்தமும் எழுந்து ஓடியது. அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் பாய்ந்தார். மாமா வாயை மூடிக்கொண்டு முன்வரிசையில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை, மாமாவே கவனிக்கவில்லை. தன் குரலைக் கேட்டுத் தானே ஓடினார். அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி சபைப் போதகர் ஐயர் அவர் பின்னால். "அது நேத்துச் சேதி! நேத்துச் சேதி!" என்று கத்திக்கொண்டு நான் ஐயர் பின்னால்.

ஆடுகள் பட்டியில் நிம்மதியாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. கோயில் ஒலிபெருக்கி கத்தி ஓய்ந்தது. மாமா என் பக்கம் திரும்பினார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

அந்த நேரம், கூட்டம் திறந்துபோட்ட படல் வழியாக ஒரு கிடா மெல்ல வெளியே நழுவி எல்லையைத் தாண்டியது.

"ஆடு வெள்ளாமையில விழுந்துருச்சு!" என்றது ஒலிபெருக்கி, அந்த நொடியே.

மாமா கிடாவைப் பார்த்தார். கோயில் திசையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏத்தா, என் சத்தமா இது? இம்புட்டுத் தூரம் கேக்குதே!"

"வீட்டுக்குள்ள எங்களுக்குத் தெனமும் இப்பிடித்தான் கேக்குது" என்றார் அத்தை. கூட்டமே சிரித்தது.

"பட்டையக் கழட்ட வேணாம்" என்றார் மாமா. "கிடாயப் பிடிங்க மாப்ள."

கிடா சிக்கவில்லை. ஜெபாதான் பிடித்தாள். நான் சந்தோஷத்தில் நின்ற இடத்திலேயே நின்றேன்.

இன்றும் அறுப்பின் பண்டிகையில் ஏலம் தொடங்குமுன் ஐயர் கேட்பார்: "நம்ம மாப்பிள்ளை போனை அணைச்சிட்டாரா?"

சபை சிரிக்கும். முன்வரிசையிலிருந்து மாமா மட்டும் சொல்வார்: "இருக்கட்டும் ஐயரே. என் சத்தம் நல்லாத்தான இருந்துச்சு!"