சம்பந்தியின் பெயரை நான் எடுத்துக்கொண்டது குறித்து

அன்பு மகளுக்கு,

அப்பா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கு நானும் என் சர்க்கரையும் நலம். அது என்னைவிட ஒரு படி மேலாகவே நலம். உன் நலம், மாப்பிள்ளை நலம், என் பேத்தி வாலுவின் நலம் எல்லாவற்றையும் விவரமாக எழுதவும். போனிலேயே கேட்டிருப்பேன். நீங்கள்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகப் போனே செய்யவில்லையே.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீயே தீர்ப்புச் சொல். மாப்பிள்ளை சீனர், அவர் அப்பா சீனர், வாலுவும் அந்த வீட்டிலேயே வளர்வதால் அந்தத் தாத்தாவிடம் மணிக்கணக்காகச் சீன மொழியில் வாயடிக்கிறாள். என்னிடம் மட்டும் "ஹலோ தாத்தா, பை தாத்தா." நடுவில் ஒன்றுமே கிடையாது. உங்கம்மா போன பிறகு எனக்கும் பொழுது போகவில்லை. சரி, நாமே அந்தப் பாஷையைப் படித்துவிட்டால் என்ன என்று, பஸ் நிறுத்தத்துக்கு மேல் மாடியில் நடக்கிற செவ்வாய்க்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். என்னைத் தவிர எல்லோரும் முப்பதுக்குக் கீழே. முதல் நாளே டீச்சர், உன் வயதுதான் இருக்கும், "எல்லாரும் ஆளுக்கொரு சீனப் பேர் வச்சுக்கணும், அடுத்த வாரம் யோசிச்சுட்டு வாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. பிறப்புப் பதிவுப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் ஊரார் பிள்ளைகள் பெயரையெல்லாம் எழுதியவன் நான், எனக்கே பெயர் வைக்கச் சொன்னால் விடுவேனா? குடும்பப் பெயர் முதலில் வரணுமாம். நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தானே? "எங்கப்பாவோட முதல் எழுத்தைப் போட்டுக்கம்மா"ன்னேன். "அங்கயும் ஒரு எழுத்துதான் சார், ஆனா உங்கப்பா எழுத்து அந்தப் பட்டியல்ல இல்லையே"ன்னுச்சு. பக்கத்து நாற்காலிக்காரர் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவர். அவர் மலைமேல் நிற்கும் டிராகன் என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதெல்லாம் ஒத்துவரவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நம்ம வழக்கம் என்ன? மதிப்பான பெரியவங்க பேரை வைக்கிறதுதானே மரியாதை? உனக்கே என் அம்மா பேர்தானே வச்சோம்? உடனே பீரோவைத் திறந்து உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். சம்பந்தியின் பெயரை, குடும்பப் பெயரோடு சேர்த்து, ஒரு புள்ளி விடாமல் எழுதிக்கொண்டேன். மனுஷன் எவ்வளவு பூரிச்சுப்போவார்னு நெனைச்சு நெனைச்சு அந்த வாரம் முழுக்க எனக்கே சந்தோஷம். மீதிக் கதைதான் உனக்குத் தெரியுமே. வீடியோ போனில் நீங்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, இஸ்திரி போட்ட சட்டையோடு எழுந்து நின்று, வணக்கம், என் பெயர் இன்னது என்று சீனத்தில் கணீரென்று சொன்னேன். சம்பந்தி கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். "என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க! இங்க பெரியவங்க பேரை யாரும் எடுத்துக்க மாட்டாங்கப்பா, அதுவும் உயிரோட இருக்கறவங்க பேரை!"ன்னு நீ தலையில அடிச்சுக்கிட்டே. ரெண்டு தாத்தாவுக்கும் ஒரே பேரான்னு வாலு மட்டும்தான் விழுந்து விழுந்து சிரிச்சா. அது எனக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

ஆகவே சம்பந்தியிடம் சொல்: அவர் பெயரை அவரிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பையும் விட்டுவிட்டேன். இந்த வயதில் எனக்கு எதற்குப் புதுப் பெயர்? அதற்காக நான் இங்கே தனியாகக் கிடந்து தவிப்பதாக நினைத்துக்கொள்ளாதே. டிவி இருக்கிறது, காலையில் பேப்பர் வருகிறது, லிஃப்டுக்குள் யாராவது மணி கேட்கிறார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறக்காமல் போன் பண்ணும்மா.

மாப்பிள்ளைக்கு ஆசி, சம்பந்திகளுக்குத் தூரத்திலிருந்தே கும்பிடு, வாலுவுக்குக் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: வகுப்பை விட்டுவிட்டேன் என்று மேலே எழுதியது பொய். நேற்று விடத்தான் போனேன். டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன், அந்தப் பெண் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க சார்? அந்தச் சத்தத்துக்குக் கிட்ட வர்ற எழுத்தாத் தேடித் தரேன்"ன்னுச்சு. உங்கம்மா நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் என் பெயரைச் சொன்னதில்லை, உனக்குத்தான் தெரியுமே. அவள் கூப்பிட்டதையே சொன்னேன். டீச்சர் தேடிப்பிடித்து எழுதிக் கொடுத்தது. பிறகு வருகைப் பதிவை எடுத்து ஒவ்வொருவராக வாசித்துக்கொண்டே வந்து, கடைசியில், கொஞ்சம் மூக்கால்தான், "ஏங்க!" என்றது. மூணு வருஷம் ஆச்சும்மா, யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டு. சொல்ல வேண்டிய சீன வார்த்தையெல்லாம் மறந்துபோய், "இதோ வந்துட்டேன்"னு எழுந்தே நின்னுட்டேன்.