வெண்ணெய்க்கு ஒரு வரன்

வெண்ணெய் புல்வெளியில் வைத்த ஆட்டெலும்பை முகர்ந்தது. பிறகு நிமிர்ந்து தங்கராஜுவைப் பார்த்தது. வேகவைக்க மறந்துவிட்டாயா என்று கேட்பதுபோல இருந்தது.

"சாப்பிடுடா. இயற்கை உணவு," என்றார் தங்கராஜு.

வெண்ணெய் எழுந்து லிஃப்டை நோக்கி நடந்தது. வீட்டுக்குள் போனதும், நாய் பிஸ்கட் வைத்திருக்கும் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது.

அது ஜப்பானிய ஸ்பிட்ஸ். ஏழு வயது. பஞ்சு மூட்டைக்குக் கண் வைத்ததுபோல் வெள்ளை வெளேரென்று இருக்கும். முதல் சம்பளத்தில் அதை வாங்கியவள் மகள் வர்ஷா. வளர்த்தவர் தங்கராஜு. கல்யாணமாகி தீவின் வடகோடியில் இருக்கும் செம்பவாங்குக்குப் போனபோது வர்ஷா நாயையும் கேட்டாள். தங்கராஜு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மனைவி கமலா சமரசம் செய்துவைத்தாள். வெண்ணெயின் குட்டி ஒன்று வர்ஷாவுக்கு. குட்டி கிடைக்காவிட்டால் வெண்ணெயே செம்பவாங்குக்கு.

வரன் காத்தோங்கில் அமைந்தது. தரைவீடு, வீட்டுக்குப் பின்னால் தோட்டம்போல் ஒரு பின்வளவு, மல்லிகா என்றொரு பெண் ஸ்பிட்ஸ். உரிமையாளர் ஏரம்பமூர்த்தி ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். நாய்க்குப் பச்சை இறைச்சி, எலும்பு, கீரை, மூலிகை தவிர எதுவும் கொடுப்பதில்லை.

முதல் சந்திப்பில் அவர் எலும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாய்கள் குரைத்து இடைஞ்சல் செய்தன. இரண்டையும் பின்வளவில் விடச் சொல்லிவிட்டுக் குடலைப் பற்றித் தொடர்ந்தார். மல்லிகாவின் பருவம் அன்றைக்குத்தான் ஓய்ந்ததாம். அடுத்த பருவத்தில்தான் சேர்க்கலாம், அதற்குள் மாப்பிள்ளையின் உடம்பு சுத்தமாக வேண்டும் என்றார். ஆறு வாரம் கழித்து அவரே தோலையும் பல்லையும் பார்த்து முடிவு சொல்வார்.

"பெட்டிச் சாப்பாடு திண்ட நாய்க்கு நான் பொம்பிளை குடுக்கமாட்டன்."

அந்த நேரம் பார்த்து வெண்ணெயின் வாயில் பிஸ்கட் மணம் வராமல் இருக்கத் தங்கராஜு வேண்டிக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்த வெண்ணெய் எதையும் தொடாமல் தூங்கிப்போனது. போனில் விசாரித்தபோது, மூலிகைக் காற்று பட்டதால் நஞ்சு இறங்குகிறது என்று ஏரம்பமூர்த்தி விளக்கினார்.

முதல் சிக்கல் இறைச்சியை எங்கே வைப்பது என்பது. புரட்டாசி மாதம். கமலா வீட்டுக்குள் முட்டையைக்கூட விடமாட்டாள். தங்கராஜு தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கி, பக்கத்து வீட்டு அப்துல் கஃபாரின் ஃப்ரீசரில் வைத்தார். தினமும் சாயங்காலம் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே புல்வெளிக்கு இறங்குவார். வெண்ணெய் முகர்ந்து பார்க்கும். திரும்ப மேலே வருவார்கள்.

மூன்றாம் மாடி முழுக்கப் பேச்சு பரவியது. தங்கராஜு புரட்டாசியில் பக்கத்து வீட்டில் போய்க் கறி சாப்பிடுகிறாராம்.

"நாய்க்குத்தான்," என்றார் கமலாவிடம்.

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்றாள் கமலா. அதற்குப் பிறகு அவள் எதுவுமே கேட்கவில்லை. ரசம் மட்டும் தண்ணீராக வந்தது.

வெண்ணெய் பிஸ்கட்டில் வாழ்ந்தது. இறைச்சி ஃப்ரீசரில் ஏறிக்கொண்டே போனது. ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை என்று கஃபாரின் பிள்ளைகள் அழுதபோது, எடுத்துச் சமைத்துக்கொள்ளுங்கள் என்று தங்கராஜு சொல்லிவிட்டார். கஃபார் நல்ல மனிதர். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாத குடும்பம். டப்பா நிறைய பிரியாணியோடு வந்து கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தது கமலா. சனிக்கிழமை வேறு. வாங்கிய டப்பாவில் கறி மணம் வந்ததும் அவள் கையை விட, டப்பா கீழே விழுந்தது.

வெண்ணெய் அதுவரை காட்டாத வேகத்தைக் காட்டியது. கமலா வாளித் தண்ணீரில் மந்திரம் சொல்லிக் கங்கையை அழைத்துத் தரையைக் கழுவுவதற்குள் ஒரு பருக்கை மிச்சமில்லை.

மசாலா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் வெண்ணெய் உடம்பைச் சொறிய ஆரம்பித்தது. சந்திப்புக்கு இன்னும் ஒரு வாரம்தான். தங்கராஜு காத்தோங்குக்குப் போன் செய்தார். பிரியாணியைப் பற்றிச் சொல்லவில்லை. தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவச் சொல்லி உத்தரவானது. எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அரைப் பாக்கெட் போட்டார்.

சொறி நின்றது. மஞ்சள் போகவில்லை. பயத்தமாவு, எலுமிச்சை, குழந்தை ஷாம்பு எல்லாம் போட்டுப் பார்த்தார். வெண்ணெய் மாம்பழம்போல் பளபளத்தது.

லிஃப்டில் கஃபார் பார்த்தார். "நலங்கு முடிஞ்சிருச்சா அண்ணே? மாப்பிள்ளை ரெடி லா."

தங்கராஜு சிரிக்கவில்லை. செம்பவாங்குக்குப் போகும் பேருந்தில் வெண்ணெயின் தலை தெரிவதுபோல் அவருக்கு அடிக்கடி தோன்றியது.

சனிக்கிழமை குளியலறை மாடத்தில் சொட்டு நீலம் கண்ணில் பட்டது. பழுப்பேறிய வேட்டியைக் கமலா வெளுக்க வைப்பது அதில்தான். வேட்டிக்கு நாலு சொட்டு. வெண்ணெய் வேட்டியைவிடப் பெரியது என்று அவர் கணக்குப் போட்டார்.

கமலா வந்து எட்டிப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"மஞ்சள்ல நீலம் சேர்ந்தா என்ன வரும்னு ஸ்கூல்ல சொல்லித் தரலையா?"

வெண்ணெய் உடம்பை உதறியது. சுவரெல்லாம் பச்சைப் புள்ளிகள். கமலா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று இரவு ரசம் கெட்டியாக இருந்தது.

மறுநாள் காத்தோங்குக்கு அழைத்துப்போக வர்ஷா காரில் வந்தாள். பின்சீட்டில் ஏறிய வெண்ணெயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, is that our dog?"

"ஓட்டும்மா."

ஏரம்பமூர்த்தி வாசலில் நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"இதென்ன நிறம்?"

பொய் தங்கராஜுவின் வாயில் தயாராக இருந்தது. "முருங்கைக்கீரைங்க. தினமும் குடுத்தேன். உள்ள போனது வெளிய தெரியுது."

வர்ஷா இருமினாள். ஏரம்பமூர்த்தி குனிந்து வெண்ணெயின் ரோமத்தை விலக்கினார், பல்லைப் பார்த்தார், காதுக்குள் முகர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் மரியாதை இருந்தது.

"முப்பது வருசமா நாய் வளர்க்கிறன். எனக்கு இது கைகூடேல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பிடி?"

"ரெண்டு," என்றார் தங்கராஜு.

சம்பந்தம் நிச்சயமானது. அடுத்த பருவத்தில் சேர்க்கலாம் என்று ஏரம்பமூர்த்தி கை கொடுத்தார். பிறகு தன் முறையின் பெருமையைக் காட்ட மல்லிகாவை அழைத்துவந்தார். மல்லிகா மெல்ல நடந்து வந்தது. வயிறு இரண்டு பக்கமும் ததும்பியது. வெண்ணெயைப் பார்த்து வாலை ஒருமுறை ஆட்டிவிட்டுப் பாயில் சாய்ந்தது.

"பாத்தீங்களே, இந்த ஆறு கிழமைக்குள்ள என்ன புஷ்டி. பச்சை எலும்பு செய்த வேலை."

அவர் மனைவி சரோஜினி தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கணவரைப் பார்க்கவில்லை. வர்ஷாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உமக்கு ஆண்குட்டியோ பெண்குட்டியோ வேணும்? போனமுறை இவை ரெண்டு பேரும் எலும்பைப் பற்றிக் கதைச்சு முடிக்கிறதுக்குள்ள, அதுகள் ரெண்டும் பின்வளவில கலியாணத்தையே முடிச்சிட்டுதுகள்."